ஓடுவது குதிரை என்றால் ஜாக்கிக்கு என்ன வேலை?

"ஓடுவது குதிரை. மேலே ஒருவர் குனிந்து உட்கார்ந்திருக்கிறார், அவ்வளவுதானே? அவருக்கு எதற்கு இவ்வளவு பேரும் பணமும்? ஒரு தொழில்முறை ஜாக்கியின் வாழ்க்கை உண்மையில் எப்படி இருக்கும்? எத்தனை வயது வரை ஓட்ட முடியும்?" என்பது கேள்வி.

இந்தக் கேள்வி நம் ஊரில் நீதிமன்றம் வரை போயிருக்கிறது. தமிழ்நாட்டில் குதிரைப் பந்தயத்தைத் தடை செய்யும் சட்டத்தை எதிர்த்து மெட்ராஸ் ரேஸ் கிளப் நடத்திய வழக்கில், 1996இல் உச்ச நீதிமன்றம் குதிரைப் பந்தயத்தைத் திறமையின் ஆட்டம் என்று தீர்ப்பளித்தது. குதிரையின் வேகமும் தாக்குப்பிடிக்கும் சக்தியும் பயிற்சியால் வருபவை, ஜாக்கிகள் சவாரிக் கலையில் தேர்ந்தவர்கள் என்பவையும் அந்தத் தீர்ப்பின் காரணங்களில் உண்டு. கிண்டியில் கம்பி வேலியோரம் நின்று பந்தயம் பார்த்தவர்களுக்கு இதைச் சொல்ல நீதிபதிகள் தேவைப்பட்டிருக்காது. ஆனால் அந்தத் திறமை என்ன, அதற்கு ஒரு மனிதன் என்ன விலை கொடுக்கிறான் என்பதைத் தீர்ப்பில் தேட முடியாது. அதற்கு ஒரு முழு வாழ்க்கையைப் பார்க்க வேண்டும். நான் எடுத்துக்கொள்வது இங்கிலாந்தின் லெஸ்டர் பிகட். இந்தத் தொழிலின் உச்சமும் பள்ளமும் ஒரே ஆளிடம் அவரிடம்போல் வேறு எங்கும் சேரவில்லை என்பது என் எண்ணம்.

முதலில் எடை. இதைப் புரிந்துகொள்ளாமல் ஜாக்கியின் வாழ்க்கையில் எதுவும் புரியாது. ஒவ்வொரு பந்தயத்திலும் ஒவ்வொரு குதிரையும் எவ்வளவு எடை சுமக்க வேண்டும் என்பது முன்கூட்டியே நிர்ணயிக்கப்பட்டிருக்கும். ஹேண்டிகேப் பந்தயங்களில் நல்ல குதிரைக்கு அதிக எடை, சுமாரான குதிரைக்குக் குறைந்த எடை. பந்தயத்துக்கு முன் ஜாக்கி சேணத்தைக் கையில் பிடித்தபடி தராசில் ஏறுவார். எடை குறைந்தால் ஈயத் தகடுகளைச் சேர்த்துச் சரிக்கட்டலாம், கூடினால் ஒன்றும் செய்ய முடியாது. பந்தயம் முடிந்ததும் மறுபடி தராசு. ஒரு மைல் ஓட்டத்தில் ஏறத்தாழ 2 பவுண்டு, அதாவது ஒரு கிலோவுக்கும் குறைவு, ஒரு குதிரை நீளத்துக்குச் சமம் என்பது பழைய கணக்கு. ஒரு குதிரை நீளம் என்றால் எத்தனையோ பந்தயங்களின் முடிவே மாறிவிடும். அதனால்தான் ஜாக்கிகள் 50, 55 கிலோவிலேயே வாழ்கிறார்கள். குள்ளமாகப் பிறந்தவர்களுக்கு இது ஓரளவு சுலபம். பிகட் அப்படிப் பிறக்கவில்லை.

அவர் 1935 நவம்பர் 5 அன்று, அப்போது பெர்க்ஷயரில் இருந்த வாண்டேஜ் ஊரில் பிறந்தார். குதிரைக் குடும்பம். தாத்தா எர்னி பிகட் கிராண்ட் நேஷனல் என்ற பெரிய தடை தாண்டும் பந்தயத்தை வென்ற ஜாக்கி. அப்பா கீத் பிகட் ஜாக்கியாக இருந்து பயிற்சியாளர் ஆனவர், 1963இல் கிராண்ட் நேஷனல் வென்ற அயாலா அவரிடம் பயிற்சி பெற்ற குதிரைதான். அம்மா பிறந்த ரிக்கபி குடும்பமும் ஜாக்கிகள் குடும்பம். பையனுக்குப் பிறவியிலேயே காது சரியாகக் கேட்காது, பேச்சும் தெளிவாக வராது. மனிதர்களிடம் அதிகம் பேசாத பிள்ளை நாள் முழுவதும் குதிரைகளோடு கிடந்தான். 1948 ஆகஸ்டில், 12 வயதில், ஹேடாக் பார்க்கில் தி சேஸ் என்ற குதிரையில் முதல் வெற்றி.

இந்த வயதில் பயிற்சி ஜாக்கியாகச் சேர்வது அன்றைய வழக்கம். பயிற்சி ஜாக்கிக்கு ஒரு சலுகை உண்டு, இன்றும் உண்டு: அனுபவம் குறைவு என்பதால் அவன் ஏறும் குதிரைக்கு எடையில் தள்ளுபடி. இன்றைய பிரிட்டனில் 20 வெற்றி வரை 7 பவுண்டு, 50 வரை 5, 95 வரை 3, அப்புறம் ஒன்றும் இல்லை. அந்தத் தள்ளுபடிக்காகவே பயிற்சியாளர்கள் புதுப் பையன்களைத் தேடுவார்கள். தள்ளுபடி தீர்ந்த அன்று பாதிப் பேருக்குத் தொலைபேசி ஒலிப்பது நின்றுவிடும். சலுகை இல்லாமலும் அழைக்கப்படுகிறவன்தான் உண்மையான ஜாக்கி, அந்தக் கட்டத்தைத் தாண்டாமல் லாய வேலைக்கே திரும்பியவர்கள்தான் அதிகம்.

பிகட்டுக்குப் பிரச்சினை வேறு விதமாக வந்தது. பதின்ம வயதில் உடம்பு வளரத் தொடங்கி ஏறத்தாழ 5 அடி 8 அங்குல உயரத்தில் போய் நின்றது. ஜாக்கிகளுக்கு நடுவில் அது கோபுரம், 'நெட்டை ஆள்' என்றே அவரைக் கூப்பிட்டார்கள். உயரத்தால் தட்டையான ஓட்டப் பந்தயங்களை விட்டுத் தடை தாண்டும் பந்தயங்களுக்குப் போய்விடுவார் என்றுகூட நினைத்தார்கள், அங்கே எடை வரம்பு தாராளம். 1954இல் ஹர்ஸ்ட் பார்க்கில் பிரின்ஸ் சார்லமேன் மீது டிரையம்ஃப் ஹர்டில் என்ற தடை ஓட்டத்தை வென்றும் காட்டினார். ஆனாலும் அவர் ஓட்டப் பந்தயத்தை விடவில்லை. தன் இயல்பான எடையிலிருந்து கிட்டத்தட்ட 13, 14 கிலோ குறைத்து, 53 கிலோவை ஒட்டி நின்றார். ஒரு மாதம் அல்ல, ஒரு பருவம் அல்ல, முப்பது வருடத்துக்கும் மேல்.

எப்படி என்று கேட்டால் பதில் ஒன்றுதான்: சாப்பிடாமல். காலையில் காப்பி, பகலில் சுருட்டு, ராத்திரி ஏதோ கொஞ்சம். தண்ணீரையும் அளந்துதான் குடிக்க வேண்டும். வியர்க்க வைக்கும் உடையைப் போட்டுக்கொண்டு காரில் ஹீட்டரை முடுக்கிவிட்டு ரேஸ் கோர்ஸுக்குப் போவது, சுடுநீர்த் தொட்டியில் கிடப்பது, சானாவில் உட்காருவது எல்லாம் அந்தக் காலத்து ஜாக்கிகளின் அன்றாடம். அவருடைய முகத்தைப் படங்களில் பாருங்கள். முப்பது வயதிலேயே கன்னம் ஒட்டி, கோடு கோடாக, ஐம்பதைத் தாண்டியவர்போல் இருக்கும். அவரைச் சிரிக்கத் தெரியாதவர் என்று பத்திரிகைகள் எழுதின. பசியோடும் தாகத்தோடும் இருக்கும் ஒருவரிடம் சிரிப்பை எதிர்பார்த்தது நியாயமா என்று எனக்கு எப்போதும் தோன்றும்.

இந்தப் பட்டினி ஆளையே விழுங்கிய கதையும் இங்கிலாந்தில் உண்டு. விக்டோரியா காலத்துப் பெரிய ஜாக்கி ஃபிரெட் ஆர்ச்சர், 13 வருடம் தொடர்ந்து சாம்பியன், அதாவது அந்தந்த வருடம் அதிகப் பந்தயங்கள் வென்ற ஜாக்கி, மொத்தம் 2,748 வெற்றிகள். அவரும் உயரமானவர். எடை குறைக்கக் கடுமையான பேதி மருந்தைத் தவறாமல் குடித்தவர். 1886 இலையுதிர் காலத்தில் கேம்பிரிட்ஜ்ஷயர் பந்தயத்துக்காக உடம்பை வாட்டி எடுத்தும் ஒரு பவுண்டு கூடுதலாக இருந்தார், தலை நீளத்தில் தோற்றார். சில நாட்களில் காய்ச்சலில் விழுந்தார். இரண்டு வருடம் முன்பு மனைவியைப் பிரசவத்துக்குப் பின் பறிகொடுத்த துயரமும் சேர்ந்துகொள்ள, நவம்பர் 8 அன்று தன் உயிரைத் தானே மாய்த்துக்கொண்டார். வயது 29. ஜாக்கிகளின் மனநலத்தைப் பற்றி இன்று பேசுகிறவர்கள் ஆர்ச்சரின் பெயரைச் சொல்லாமல் இருப்பதில்லை.

சரி, இப்படி வாடிப்போய்க் குதிரை மீது ஏறியபின் ஜாக்கி செய்வது என்ன?

முதலில், அவர் உட்காருவதே இல்லை. அங்கவடிகளில், அதாவது சேணத்திலிருந்து தொங்கும் கால் வளையங்களில், முன்பாதங்களை ஊன்றி, முழங்கால்களை மடக்கி, சேணத்துக்கு மேலே அந்தரத்தில் நிற்கிறார். பழைய ஜாக்கிகள் நீளமான அங்கவடியில் காலைத் தொங்கவிட்டு நிமிர்ந்துதான் உட்கார்ந்திருந்தார்கள். 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் டாட் ஸ்லோன் என்ற அமெரிக்கர் இங்கிலாந்துக்கு வந்து, அங்கவடியைக் குட்டையாக்கிக் குதிரையின் கழுத்தோடு ஒட்டிக் குனிந்து ஓட்டினார். குரங்குபோல் இருக்கிறது என்று முதலில் கேலி செய்தார்கள், அப்புறம் எல்லோரும் அதையே பின்பற்றினார்கள். 2009இல் லண்டன் ராயல் வெட்டரினரி கல்லூரி ஆராய்ச்சியாளர்கள் இதன் காரணத்தை அளந்து காட்டினார்கள். குதிரையின் முதுகு ஒவ்வொரு பாய்ச்சலிலும் மேலும் கீழும் முன்னும் பின்னும் ஆடுகிறது. குனிந்து நிற்கும் ஜாக்கி அந்த ஆட்டத்தைத் தன் கால்களில் வாங்கிக்கொண்டு, தன் உடம்பை நேர்கோட்டில் போக வைக்கிறார். அதனால் குதிரை அவரைச் சுமந்தாலும், ஒவ்வொரு பாய்ச்சலிலும் அவரைத் தூக்கிப் போட வேண்டியதில்லை. இந்தப் பாணி பரவிய காலத்தில் பந்தய நேரங்கள் 5 முதல் 7 சதவீதம் வரை குறைந்தன. அந்த உழைப்பு முழுவதும் ஜாக்கியின் தொடையிலும் முதுகிலும் விழுகிறது. உங்கள் வீட்டில் நாற்காலி இல்லாமல் நாற்காலியில் உட்காருவதுபோல் இரண்டு நிமிடம் நின்று பாருங்கள். அதையே 60 கிலோமீட்டர் வேகத்தில், 500 கிலோ மிருகத்தின் மீது, அரை அடி தள்ளி இன்னொரு குதிரை உரசிக்கொண்டு வர, பட்டினி வயிற்றோடு செய்ய வேண்டும்.

பிகட் அங்கவடியை மற்றவர்களைவிடவும் குட்டையாகக் கட்டினார். நீண்ட கால்களை மடித்து, பின்புறம் வானத்தைப் பார்க்க அவர் நின்ற கோலத்தைப் பார்த்து ஒரு தலைமுறையே அதைப் பழகியது. அவருக்கு இருந்த சமநிலை இல்லாமல் அதைச் செய்வது ஆபத்து.

இரண்டாவது வேலை, காலக்கணக்கு. குதிரையிடம் இருக்கும் பலம் ஒரு குறிப்பிட்ட அளவுதான். முன்னால் அதிகம் செலவழித்தால் கடைசியில் இருக்காது, ரொம்பவும் மிச்சம் பிடித்தால் எல்லைக்கோடு வந்துவிடும். எந்த வேகத்தில் போகிறோம், முன்னால் போகிறவர் ஏமாற்றுகிறாரா, எந்தக் குதிரை களைத்து வழிவிடும் என்று ஜாக்கி ஓட்டத்தின் நடுவிலேயே கணக்குப் போட வேண்டும். முக்கால்வாசி நேரம் அவருடைய வேலை குதிரையை விரட்டுவது அல்ல, அடக்கி வைத்திருப்பது. பார்க்கிறவர்களுக்குத் தெரிவது கடைசி 200 மீட்டர் ஆவேசம் மட்டும். பந்தயத்தை வெல்வதும் இழப்பதும் பெரும்பாலும் அதற்கு முன்பே நடந்துவிடுகிறது.

இதற்குக் கடுமையான பரீட்சை எப்சமில் நடக்கும் டெர்பி. மூன்று வயதுக் குதிரைகள், ஒன்றரை மைல். முதல் பாதி மேட்டில் ஏறும், அப்புறம் டாட்டன்ஹாம் முனை வரை வளைந்து சரிவில் இறங்கும், கடைசி நேர்ப்பாதையோ உள்வேலிப் பக்கம் சாய்ந்திருக்கும். சரிவில் நிலைகுலைந்த குதிரையை நேர்ப்பாதையில் மீட்பது கஷ்டம். இந்தப் பந்தயத்தை வாழ்நாளில் ஒரு தடவை வெல்வதே பெரிய விஷயம். 26 முறை சாம்பியனான, 4,870 பந்தயங்கள் வென்ற கார்டன் ரிச்சர்ட்ஸுக்கு 1953இல்தான், அதுவும் ஒரே ஒரு டெர்பி கிடைத்தது. பிகட் வென்றது ஒன்பது.

முதலாவது 1954இல், 18 வயதில், நெவர் சே டை என்ற குதிரையில். பந்தயம் கட்டுவோரிடம் ஒன்றுக்கு 33 என்று விலை போன, யாரும் பெரிதாக நம்பாத குதிரை. அன்று மாலை பையன் வீட்டுக்குப் போய்ப் புல்வெளியில் புல் வெட்டினான் என்று சொல்வார்கள். இரண்டே வாரத்தில் ராயல் அஸ்காட்டில் அதே குதிரை மீது நெரிசலில் முட்டிமோதி ஓட்டியதற்காக அவருடைய உரிமத்தை ஆறு மாதத்துக்குப் பறித்தார்கள். அப்பாவின் லாயத்தை விட்டு வேறு பயிற்சியாளரிடம் போய் இருக்கச் சொன்னார்கள். மூன்று மாதம் கழித்துத்தான் திரும்ப விட்டார்கள். அதற்குள் நெவர் சே டை இன்னொரு ஜாக்கியோடு செயின்ட் லெஜர் என்ற பெரிய பந்தயத்தையும் வென்றுவிட்டது. இளம் ஜாக்கியின் வாழ்க்கை இப்படித்தான். துணிச்சல் இல்லாவிட்டால் குதிரை கிடைக்காது, கூடினால் உரிமம் போகும்.

ஒன்பதில் எது சிறந்தது என்று கேட்டால் நான் 1968ஐச் சொல்வேன். குதிரை சர் ஐவர், அயர்லாந்தின் பெரிய பயிற்சியாளர் வின்சென்ட் ஓபிரையன் தயார் செய்தது. அபார வேகம், ஆனால் ஒன்றரை மைல் தாங்குமா என்ற சந்தேகம். அதனால் அந்த வேகத்தை ஒரே ஒரு தடவை மட்டும், மிகக் கடைசியில் செலவழிக்க வேண்டும். பிகட் பின்னாலேயே இருந்தார். நேர்ப்பாதையில் கனாட் என்ற குதிரை தெளிவாகப் பிரிந்து முன்னால் போய்விட்டது. அப்போதும் அவர் அவசரப்படவில்லை. கடைசி ஃபர்லாங்கில், அதாவது கடைசி 200 மீட்டரில், சர் ஐவரை வெளிப்பக்கம் கொண்டுவந்து அவிழ்த்துவிட்டார். குதிரை கனாட்டைச் சில பாய்ச்சல்களில் கடந்து ஒன்றரை நீளத்தில் வென்றது. இன்னும் 100 மீட்டர் முன்னால் அவிழ்த்திருந்தால் ஒருவேளை குதிரை செத்துப்போன கால்களோடுதான் வந்து சேர்ந்திருக்கும். லட்சக்கணக்கான பேர் பார்க்க, ஃபேவரைட் குதிரை மீது, காத்திருக்க முடிவதுதான் திறமை.

அதே காத்திருப்பு அவரைக் காயப்படுத்தவும் செய்தது. 1970இல் நிஜின்ஸ்கி என்ற குதிரை. 2000 கினீஸ், டெர்பி, செயின்ட் லெஜர் என்ற மூன்று பெரிய பந்தயங்களையும் ஒரே வருடத்தில் வென்றது. 1935க்குப் பிறகு அதைச் செய்த முதல் குதிரை அதுதான், அதற்குப் பின் இன்றுவரை எந்த ஆண் குதிரையும் செய்யவில்லை. அக்டோபரில் பாரிஸில் ஆர்க் பந்தயம். பிகட் வழக்கம்போல் பின்னால் வைத்திருந்தார், கடைசியில் பாய்ந்தார், சாஸஃப்ராஸ் என்ற குதிரையிடம் ஒரு தலை நீளத்தில் தோற்றார். ரொம்பவும் பின்னால் விட்டுவிட்டார் என்று ஒரு கட்சி. கோடையில் தோல் நோய் வந்து, பிறகு செயின்ட் லெஜரின் நீண்ட தூரமும் ஓடிய குதிரை பழைய குதிரையாக இல்லை என்று இன்னொரு கட்சி. அடுத்து நிஜின்ஸ்கி தன் கடைசிப் பந்தயமான சாம்பியன் ஸ்டேக்ஸிலும் தோற்றது. அதைப் பார்த்தால் எனக்கு இரண்டாவது கட்சிதான் சரி என்று படுகிறது. ஆனால் தோல்வி ஜாக்கியின் கணக்கில்தான் எழுதப்படும். பிற்பாடு ரைன்கோல்ட் மீது ஒரு முறையும் அலெஜ்ட் மீது இரண்டு முறையும் ஆர்க் வென்றார், ஆனாலும் 1970ஐப் பற்றித்தான் அவரிடம் கேட்டுக்கொண்டே இருந்தார்கள்.

1972 டெர்பியைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் நேர்மையாக இருக்காது. ராபர்ட்டோ என்ற குதிரைக்கு முதலில் பேசப்பட்டிருந்த ஜாக்கி பில் வில்லியம்சன். அவர் காயத்திலிருந்து மீண்டு, ஓட்டத் தயார் என்று மருத்துவர் சொன்ன பிறகும், அவரை இறக்கிவிட்டுப் பிகட்டை ஏற்றினார்கள். கடைசி ஃபர்லாங்கில் பிகட் சவுக்கால் விளாசி ஒரு தலை நீளத்துக்கும் குறைவான இடைவெளியில் வென்றார். கூட்டம் கைதட்டவில்லை. அன்றே வேறு பந்தயங்களில் வென்ற வில்லியம்சனுக்குத்தான் ஆரவாரம். அந்த ஓட்டத்தை இன்று பார்க்கவே சங்கடமாக இருக்கிறது. இன்றைய பிரிட்டனில் தட்டைப் பந்தயத்தில் சவுக்கை ஆறு முறைக்கு மேல் பயன்படுத்தினால் தடை உண்டு, மிஞ்சினால் வெற்றியே ரத்தாகும். அந்தச் சட்டம் சரியான சட்டம்.

வில்லியம்சனுக்கு நடந்தது தொழிலின் இயல்பைக் காட்டுகிறது. ஜாக்கிக்கு நிரந்தர வேலை இல்லை. ஒவ்வொரு சவாரிக்கும் ஒரு கட்டணம், வென்றாலோ முன்னிலையில் வந்தாலோ பரிசுத் தொகையில் ஒரு பங்கு. அமெரிக்காவில் வெற்றிப் பணத்தில் பத்து சதவீதம் என்பது வழக்கம். அதிலிருந்து சவாரி பிடித்துத் தரும் முகவருக்கும், சேணத்தையும் உடைகளையும் தயார் செய்யும் வேலட்டுக்கும் கொடுக்க வேண்டும், பயணச் செலவும் தன்னுடையது. புகழ் பெற்றவருக்கு மட்டும் ஒரு லாயமோ ஓர் உரிமையாளரோ வருடத் தொகை கொடுத்து 'எங்கள் குதிரைக்குத்தான் முதலில் வரவேண்டும்' என்று ஒப்பந்தம் செய்வார்கள். பிகட் 1955 முதல் நோயல் மர்லெஸ் லாயத்தில் அப்படி இருந்தார். 1966இல் ஓக்ஸ் பந்தயத்துக்கு மர்லெஸின் குதிரையை விட்டு ஓபிரையனின் வலோரிஸ் மீது ஏறி வென்றார், உறவு முறிந்தது. அடுத்த வருடமே மர்லெஸின் ராயல் பேலஸ் வேறு ஜாக்கியோடு டெர்பி வென்றது. பிகட் பெரிய நஷ்டம் அடைந்துவிட்டார் என்றார்கள். அதற்கடுத்த வருடம் வந்தது சர் ஐவர்.

சுதந்திரமாக இருந்ததால் எந்த நல்ல குதிரைக்கும் அவர் போன் போடுவார், அதில் ஏற்கனவே வேறு ஜாக்கி இருந்தாலும் சரி. 1984இல் கமான்ச் ரன் குதிரையில் வழக்கமாக ஏறிய ஜாக்கியின் இடத்தைப் பிடித்துச் செயின்ட் லெஜர் வென்றார். 2000 கினீஸ், 1000 கினீஸ், டெர்பி, ஓக்ஸ், செயின்ட் லெஜர் என்ற ஐந்து பெரிய பந்தயங்களைக் கிளாசிக் என்பார்கள், அது அவருடைய 28ஆவது கிளாசிக் வெற்றி. 1827 முதல் ஃபிராங்க் பக்கிள் பெயரில் இருந்த சாதனை முறிந்தது. சக ஜாக்கிகளுக்கு இதெல்லாம் எவ்வளவு வலித்திருக்கும் என்று தெரிந்தும், உரிமையாளர்கள் அவரைத்தான் கூப்பிட்டார்கள். அவர் எதிரே ஓட்டுவதைவிடத் தம் குதிரை மீது இருப்பது மேல் என்பது அவர்கள் கணக்கு.

ஆபத்தைப் பற்றி. பந்தயத்தில் ஜாக்கிகளுக்குப் பின்னாலேயே ஆம்புலன்ஸ் ஓடும், இது கிண்டியிலும் பார்த்திருப்பீர்கள். 1977இல் எப்சமில் ஓக்ஸ் பந்தயத்துக்குச் சற்று முன் சேணம் நழுவி, அங்கவடியில் கால் மாட்டிக்கொண்டு பிகட் தரையில் இழுபட்டார். கால் விடுபட்டது அதிர்ஷ்டம். 1981 ஏப்ரலில் புறப்பாட்டுக் கூண்டில் ஒரு குதிரை கதவுக்கு அடியில் நுழைந்து வெளியேற முயன்றபோது நசுங்கி, ஒரு காது கிட்டத்தட்ட அறுந்து தொங்கியது. 31 தையல். ஒரே வாரத்தில் நியூமார்க்கெட்டுக்குப் போய் ஃபேரி ஃபுட்ஸ்டெப்ஸ் மீது 1000 கினீஸ் வென்றார். இதை வீரம் என்று மட்டும் பாராட்ட எனக்கு மனம் வரவில்லை. ஓட்டாத நாளில் வருமானம் இல்லை, ஓட்டாத குதிரை அடுத்தவருக்குப் போய்விடும் என்ற பயமும் அதில் உண்டு.

1985இல், பதினொரு சாம்பியன் பட்டங்களுடன் ஓய்வு பெற்று நியூமார்க்கெட்டில் பயிற்சியாளர் ஆனார். அப்புறம் வந்தது பெரிய அடி. பல வருடமாக வருமானத்தை மறைத்ததாக, 30 லட்சம் பவுண்டுக்கு மேல் கணக்கில் காட்டவில்லை என்று வழக்கு. குற்றத்தை ஒப்புக்கொண்டார், 1987 அக்டோபரில் மூன்று வருடச் சிறைத் தண்டனை. 366 நாள் உள்ளே இருந்தார். அரசு அளித்த ஓ.பி.இ. விருதையும் பறித்துக்கொண்டார்கள். தண்டனை நியாயமானது என்றுதான் சொல்வேன். வயிற்றுக்கே எதையும் கொடுக்காமல் வளர்ந்தவருக்குப் பணத்தையும் கையை விட்டுப் போக விட முடியவில்லை என்று சிலர் விளக்குவார்கள். அது விளக்கமாக இருக்கலாம், சமாதானம் ஆகாது. லாயத்தை அந்தக் காலத்தில் மனைவி சூசன் நடத்தினார்.

கதை அங்கே முடிந்திருந்தால் அவரைப் பற்றி இவ்வளவு பேசியிருக்க மாட்டோம். 1990 அக்டோபரில், 55ஆவது பிறந்தநாளுக்குச் சில வாரம் இருக்கும்போது, மறுபடி உரிமம் வாங்கிப் பந்தயத்துக்கு வந்தார். ஐந்து வருடம் ஓட்டாதவர். இரண்டு வாரம்கூட ஆகவில்லை, அக்டோபர் 27 அன்று நியூயார்க்கின் பெல்மான்ட் பார்க்கில் பிரீடர்ஸ் கப் மைல் என்ற பந்தயம். குதிரை ராயல் அகாடமி, பயிற்சியாளர் அதே வின்சென்ட் ஓபிரையன், குதிரையின் தகப்பன் நிஜின்ஸ்கி. வளைவில் பின்னால் கிடந்த குதிரை நேர்ப்பாதையில் ஒவ்வொன்றாகப் பிடித்து, கோட்டை ஒட்டி முன்னால் வந்து வென்றது. இருபது வருடம் முன்பு தகப்பன் மீது அவர் செய்ததைத்தான் மகன் மீதும் செய்தார். இந்த முறை கணக்குச் சரியாக விழுந்தது.

1992இல் ரோட்ரிகோ டி ட்ரியானோ மீது 2000 கினீஸ், அவருடைய 30ஆவது கிளாசிக். அதே வருட இறுதியில் அமெரிக்காவில் மிஸ்டர் புரூக்ஸ் என்ற குதிரை ஓட்டத்தின் நடுவே கால் முறிந்து விழ, அவருக்குக் காறை எலும்பும் விலா எலும்புகளும் உடைந்தன. வயது 56. தேறி மறுபடி ஓட்டினார். பிரிட்டனில் கடைசி வெற்றி 1994 அக்டோபரில், பன்னிரண்டு வயதில் முதல் வெற்றி கண்ட அதே ஹேடாக்கில். 1995இல் ஓய்வு உறுதியானது. பிரிட்டனில் மொத்தம் 4,493 வெற்றிகள். 2022 மே 29 அன்று ஜெனீவாவில், 86 வயதில் இறந்தார்.

ஆக, எத்தனை வயது வரை என்ற கேள்விக்கு அவரை அளவுகோலாக வைக்கக் கூடாது. எடையும் எலும்பும் ஒத்துழைத்தால் நாற்பதுகள் வரை பலர் ஓட்டுகிறார்கள், தடை தாண்டும் பந்தயங்களில் அதற்கு முன்பே முடியும். அந்தப் பந்தயங்களில் 20 முறை சாம்பியனான டோனி மெக்காய் 40 வயதில் 2015இல் நிறுத்தினார், அதற்குள் அவர் உடம்பில் உடையாத எலும்பு குறைவு. பெண்களுக்கு இந்தக் கதவு தாமதமாகத்தான் திறந்தது, ஆனால் 2021இல் ரேச்சல் பிளாக்மோர் மினெல்லா டைம்ஸ் மீது கிராண்ட் நேஷனல் வென்ற பிறகு, பெண்ணுக்குப் பலம் போதாது என்ற பேச்சுக்கு இடமில்லை. பட்டினியும் கொஞ்சம் குறைந்திருக்கிறது. கொரோனாக் காலத்தில் மூடிய சானாக்களைப் பிரிட்டனின் ரேஸ் கோர்ஸ்கள் திரும்பத் திறக்கவே இல்லை, ஜாக்கிகளுக்கு உணவு ஆலோசகர்கள் இருக்கிறார்கள். என்றாலும் தராசு அதே தராசுதான். ஜாக்கி ஆக ஆசைப்படும் பிள்ளை உங்கள் வீட்டில் இருந்தால், குதிரை மீதான ஆசையைப் பார்ப்பதற்கு முன் பெற்றோரின் உயரத்தைப் பாருங்கள், கைகால் எவ்வளவு வளரும் என்று மருத்துவரிடம் கேளுங்கள். மற்றதைக் கற்றுக்கொள்ளலாம்.

ஜாக்கி என்ன செய்கிறார் என்று நீங்களே பார்க்க வேண்டுமானால் 1968 டெர்பியின் பழைய ஒளிப்பதிவைத் தேடிப் பாருங்கள். முதல் தடவை குதிரையைப் பார்ப்பீர்கள். இரண்டாவது தடவை, நேர்ப்பாதைக்குள் திரும்பியதிலிருந்து சர் ஐவர் மீது இருப்பவரின் கைகளை மட்டும் பாருங்கள். கனாட் முன்னால் போய்க்கொண்டிருக்கும்போது அந்தக் கைகள் எவ்வளவு நேரம் அசையாமல் இருக்கின்றன என்று கவனித்தால், உங்கள் கேள்விக்கு நான் எழுதியதைவிட நல்ல பதில் கிடைக்கும்.